ஸ்கூட்டர் உண்மையில் எவ்வளவு வேகம் போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் இருசக்கர வாகனப் பட்டறை நடத்தி வருகிறேன். கல்லூரி மாணவர்கள் முதல், பேரனுக்கு வண்டி வாங்கித் தரலாமா என்று யோசிக்கும் ஆச்சிமார் வரை பலரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இது எவ்வளவு போகும்?" என்பதுதான். கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டு சொல்லும் பதில் எப்போதும் பாதியில் நின்றுவிடுவதால், முழுப் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கணக்கு வரும் இடங்களில், ஓட்டுபவரையும் சேர்த்து 180 கிலோ எடையுள்ள 110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர் சமதளத்தில் போவதாக வைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு வண்டிக்கு எண்கள் கொஞ்சம் மாறும்.

சாதாரண 110 சிசி ஸ்கூட்டரின் உண்மையான உச்ச வேகம் என்ன?

மணிக்கு 80 கி.மீ.யை ஒட்டித்தான். நம் ஊரில் அதிகம் ஓடும் ஹோண்டா ஆக்டிவா 6ஜி வண்டியின் இன்ஜின் 109.51 சிசி கொள்ளளவு உடையது. அது தரும் திறன் ஏறத்தாழ 7.8 குதிரைத்திறன். டிவிஎஸ் ஜூபிடர் உள்ளிட்ட மற்ற 110 சிசி வண்டிகளும் இதே அளவில்தான் நிற்கின்றன. ஒன்று இரண்டு கி.மீ. முன்னே பின்னே இருக்கலாமே தவிர, இவற்றில் எதுவும் சமதளத்தில், காற்றின் உதவியில்லாமல் உண்மையான 100-ஐத் தொடாது.

125 சிசி வண்டிகள் 90-ஐ ஒட்டிப் போகும். டிவிஎஸ் என்டார்க் 125 வண்டி 2018-இல் வந்தபோது அந்த நிறுவனம் சொன்ன உச்ச வேகம் 95 கி.மீ. யமஹா ஏராக்ஸ் 155 போல 15 குதிரைத்திறன் உள்ள வண்டிகள் 100-ஐத் தாராளமாகத் தாண்டும். வயல்வெளிக்கும் சந்தைக்கும் ஓடும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட் 60-ஐ ஒட்டி நின்றுவிடும். அந்த வண்டி சுமைக்காகச் செய்யப்பட்டது என்பதால் அதை ஒரு குறையாக நான் எண்ணுவதில்லை.

என் 110 சிசி வண்டியின் மீட்டரில் முள் 90-ஐத் தொட்டது. அப்படியானால் நீங்கள் சொல்வது தவறுதானே?

முள் தொட்டிருக்கும், வண்டி தொட்டிருக்காது. வேகமானிகள் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி செய்யப்படுகின்றன. ஐ.நா.வின் 39-ஆம் வாகன விதியின்படி, காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது; ஆனால் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கும், அதற்கு மேல் சில கி.மீ.யும் கூடுதலாகக் காட்டலாம். குறைத்துக் காட்டினால் ஓட்டுபவர் தம்மை அறியாமலே வேக வரம்பை மீறிவிடுவார் என்பதால், தவறு நேர்ந்தாலும் பாதுகாப்பான பக்கம் நேரட்டும் என்பதே அந்த விதியின் நோக்கம்.

நானே ஒரு நாள் விடிகாலையில், கானாடுகாத்தான் போகும் சாலையில் வண்டி நடமாட்டம் இல்லாத நேரத்தில், என் 110 சிசி வண்டியில் இதைச் சோதித்துப் பார்த்தேன். கைபேசியில் செயற்கைக்கோள் வழியாக வேகம் காட்டும் செயலியை ஓடவிட்டு, பின்னால் உட்கார்ந்த என் பட்டறைப் பையனிடம் கொடுத்திருந்தேன். முள் 40-இல் நின்றபோது கைபேசி 37 என்றது, 60-இல் 56 என்றது. இறுதியாக முள் 83-இல் ஆடிக்கொண்டிருந்தபோது கைபேசி காட்டியது 77. போட்டி போட்டு ஓட்டிய கதைகளில் வரும் 90-உம் 95-உம் பெரும்பாலும் இப்படிப்பட்ட முள்ளின் கணக்குத்தான். பழைய வண்டிகளில் கேபிள் தளர்ந்து முள் துள்ளுவதும் உண்டு. துள்ளலின் உச்சியைப் பார்த்துவிட்டு அதையே வேகம் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்ஜின் இன்னும் கத்துகிறது, முறுக்குவதற்கும் இடம் இருக்கிறது. அப்படியிருந்தும் 80-க்கு மேல் ஏன் ஏற மறுக்கிறது?

எதிரே நிற்பது காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு இரு மடங்கு வேகத்தில் போக வேண்டியிருப்பதால், தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். ஸ்கூட்டரில் நாம் நாற்காலியில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்காருகிறோம். நெஞ்சும் முழங்காலும் வண்டியின் முன்தகடும் சேர்ந்து காற்றுக்கு ஒரு கதவைப் போல நிற்கின்றன.

எண்களில் சொன்னால், 40 கி.மீ. வேகத்தில் காற்றையும் சக்கரத்தின் உருளல் தடையையும் வெல்ல ஒரு கிலோவாட்டுக்கும் குறைவான திறனே போதும். 80-இல் அதுவே ஏறத்தாழ 4.7 கிலோவாட் ஆகிவிடும். ஆக்டிவாவின் இன்ஜின் அதிகபட்சமாகத் தருவது 5.73 கிலோவாட். அதில் ஒரு பகுதி பெல்ட்டிலும் பல்சக்கரங்களிலும் வெப்பமாகப் போய்விட, பின்சக்கரத்தை அடைவது மேற்சொன்ன 4.7-ஐ ஒட்டித்தான் இருக்கும். கொடுப்பதும் கேட்பதும் சரிக்குச் சரியாகும் அந்த இடத்தில்தான் முள் நிற்கிறது. இதே வண்டி 100 கி.மீ. போக வேண்டுமானால் ஏறக்குறைய இரு மடங்கு திறன் வேண்டும். 80-க்கும் 100-க்கும் இடையே வெறும் 20 கி.மீ.தானே என்று தோன்றும். இன்ஜினுக்கு அது இன்னோர் இன்ஜினைச் சுமப்பதற்குச் சமம்.

வாங்கிய புதிதில் 80 போனது, இப்போது 65-ஐத் தாண்டவில்லை. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். முதலில் இடது பக்க மூடியைக் கழற்றிப் பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் கியர் மாற்றும் வேலையை ஒரு ரப்பர் பெல்ட்டும் இரண்டு புல்லிகளும் செய்கின்றன. முன்புல்லியின் உள்ளே, வேரியேட்டர் என்று நாம் சொல்லும் பகுதியில், சிறிய உருளைகள் இருக்கும். இன்ஜின் வேகமாகச் சுழலச் சுழல அந்த ரோலர்கள் வெளிப்பக்கம் ஒதுங்கி, புல்லியின் இரு தகடுகளையும் நெருக்கும். நெருக்கப்பட்ட பெல்ட் முன்புல்லியில் மேலே ஏறும், பின்புல்லியில் உள்ளே இறங்கும். பெல்ட் முன்புல்லியின் விளிம்புவரை ஏறினால்தான் கடைசிக் கியர் கிடைத்ததற்கு ஒப்பாகும்.

பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்தாலோ, ரோலர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து தட்டையானாலோ அந்த விளிம்பை எட்ட முடியாது. அண்மையில் பள்ளத்தூரிலிருந்து ஒரு வண்டி வந்தது. "ஓட்டம் விழுந்துவிட்டது, இன்ஜினைப் பிரித்து சிலிண்டரைக் கடைந்து 'போர்' செய்ய வேண்டுமாம்" என்று யாரோ சொல்லியிருந்ததால், பெரிய செலவுக்குத் தயாராகவே வண்டிக்காரர் வந்திருந்தார். மூடியைத் திறந்ததும் அடுப்புக்கரியைப் பொடித்துக் கொட்டியதுபோல உள்ளே கறுப்புத் தூள். பெல்ட்டின் உட்பற்களுக்கிடையே நகம் நுழையும் அளவுக்கு வெடிப்புகள். ஆறு ரோலர்களில் நான்கைத் தரையில் உருட்டிவிட்டுப் பார்த்தால், உருளாமல் தட்டைப் பக்கம் விழுந்து நின்றன. பெல்ட்டும் ரோலர்களும் மாற்றியபின் வண்டி பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. இன்ஜினில் நான் கை வைக்கவே இல்லை.

பெல்ட்டை எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். வேகம் குறைய வேறு சில சாதாரணக் காரணங்களும் உண்டு: அடைத்துப்போன ஏர் பில்டர், விடாமல் உரசிக்கொண்டிருக்கும் பிரேக் ஷூ, காற்று இறங்கிய டயர். நம் செம்மண் பூமியில் ஏர் பில்டர் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரமே அடைக்கும் என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். மெயின் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். அது உடனே நின்றுவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பின்னால் ஒருவர் ஏறினால் உச்ச வேகம் எவ்வளவு குறையும்?

சமதளத்தில் பெரும்பாலோர் நினைப்பதைவிடக் குறைவாகத்தான். பின்னால் இருப்பவர் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின் ஒதுங்கியிருப்பதால் காற்றின் தடை அதிகம் கூடுவதில்லை. உருளல் தடை மட்டும் கூடி, ஒன்றிரண்டு கி.மீ. குறையும். ஆனால் ஏற்றத்தில் கதை மாறிவிடும். இருவர் ஏறிய வண்டி, நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் உயரும் ஒரு மேம்பாலத்தில் முழுவதும் முறுக்கினாலும் 65-ஐ ஒட்டித்தான் போகும். வேகம் எடுக்க ஆகும் நேரமும் கூடும். முன்னால் போகும் லாரியை முந்த நினைக்கும்போது, தனியாக ஓட்டிய பழக்கத்தில் போட்ட கணக்கு இருவர் ஏறிய வண்டியில் பொய்த்துப்போவது இதனால்தான்.

புட்போர்டில் ஏற்றும் சுமையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சமையல் எரிவாயு உருளை, அரிசிச் சிப்பம், ஆத்தங்குடிக் கல் பெட்டி என்று எல்லாமே நம் பக்கம் புட்போர்டில்தான் போகின்றன. இவற்றால் வேகம் குறைவதைவிட, கால் ஊன்றவும் கைப்பிடியைத் திருப்பவும் இடமில்லாமல் போவதே பெரிய ஆபத்து. ஆத்தங்குடிக் கல் சிமென்டால் ஆனது. பார்வைக்குச் சிறிய கட்டாக இருந்தாலும் தூக்கினால்தான் அதன் கனம் தெரியும். அதை ஏற்றிக்கொண்டு 30-க்கு மேல் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காற்றடி காலத்தில் வண்டி இழுப்பதில்லையே, ஏன்?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஸ்கூட்டர் எம்மாத்திரம்? மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், 80 போகும் வண்டி 68-ஐ ஒட்டி நின்றுவிடும். வண்டியில் எந்தப் பழுதும் இல்லை. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். அப்போது முள் மேலே போவதைப் பார்த்து இன்ஜின் சரியாகிவிட்டது என்றும் எண்ண வேண்டாம்.

மின்சார ஸ்கூட்டர்கள் பெட்ரோல் வண்டியைவிட வேகமானவையா?

சில வண்டிகள் ஆம், பல வண்டிகள் இல்லை. ஏதர் 450எக்ஸ் 90 கி.மீ. வரை போகும். டிவிஎஸ் ஐக்யூப் 78-இல் நிற்கும். ஓலா எஸ்1 ப்ரோ 2021-இல் அறிமுகமானபோது அந்த நிறுவனம் சொன்ன வேகம் 115. மறுபக்கத்தில், உரிமமும் பதிவும் தேவையில்லாத சிறிய மின்வண்டிகள் 25 கி.மீ.யைத் தாண்டக் கூடாது; அவற்றின் மோட்டார் திறனும் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் 'மின்சார ஸ்கூட்டர்' என்று அழைப்பதால் கடையில் குழப்பம் வருகிறது. வாங்கும்முன் பதிவு எண் உண்டா என்று கேட்டாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

பெட்ரோல் வண்டியில் உச்ச வேகத்தை முடிவு செய்வது இன்ஜினின் திறன். மின்வண்டியில் பெரும்பாலும் கன்ட்ரோலர் என்னும் மின்னணுப் பெட்டி முடிவு செய்கிறது. மோட்டாருக்கு இன்னும் வலு இருந்தாலும், பேட்டரியின் சூட்டையும் ஆயுளையும் கருதி அந்தப் பெட்டி ஓரிடத்தில் நிறுத்திவிடும். பேட்டரியில் மின்னூட்டம் குறைந்தால் வேகத்தையும் அதுவே குறைத்துவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் வேகத்தில் மின்மோட்டாருக்கு இணை இல்லை. பெல்ட்டும் கிளட்சும் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், முறுக்கிய கணமே முழு இழுவை கிடைக்கிறது. பெட்ரோல் வண்டியில் பழகியவர்கள் முதல் வாரம் மெதுவாக முறுக்கிப் பழக வேண்டும்.

வேகத்துக்கு மின்வண்டி கொடுக்கும் விலை தூரம். என் கணக்குப்படி 3 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி, சீராக 40 கி.மீ. வேகத்தில் போனால் ஏறத்தாழ 120 கி.மீ. தரும்; 80-இல் விரட்டினால் 45 கி.மீ. கிடைப்பதே அரிது. விளம்பரத்தில் உச்ச வேகத்தையும் அதிகபட்சத் தூரத்தையும் ஒரே பக்கத்தில் அச்சிடுகிறார்கள். ஒரே பயணத்தில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. பேட்டரியின் வேதியியலை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அதன் வாசலைக் கடந்து தினமும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளாவது இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

உலகத்தில் ஒரு ஸ்கூட்டர் போன மிக அதிக வேகம் எவ்வளவு இருக்கும்?

கேட்கவே இனிக்கும் வரலாறு இது. ஸ்கூட்டர் என்றால் நம் நினைவுக்கு வரும் உருவத்தைத் தந்த வெஸ்பா, 1946-இல் இத்தாலியில் பியாஜியோ நிறுவனத்தில், கொராதினோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியாளரின் வடிவமைப்பில் பிறந்தது. அதன் 98 சிசி இன்ஜின் 60 கி.மீ. வேகம் போனது. அடுத்த ஆண்டே லாம்ப்ரெட்டா போட்டிக்கு வந்தது. இரு நிறுவனங்களுக்கும் இருந்த போட்டி 1951-இல் உச்சத்தை எட்டியது. அந்த ஆண்டு பிப்ரவரியில், டார்பிடோவைப் போல உடல் முழுவதும் மூடிய 125 சிசி வெஸ்பாவில் தீனோ மத்சோன்சினி 171 கி.மீ. வேகம் போனார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் நெடுஞ்சாலை ஒன்றில், இதேபோல மூடிய 125 சிசி லாம்ப்ரெட்டாவில் ரோமோலோ ஃபெர்ரி 201 கி.மீ.யைத் தொட்டார்.

நம் வண்டியும் அதே அளவு இன்ஜின்தானே என்று கேட்கத் தோன்றும். அவை காற்றை வெட்டிப் போக ஓட்டுநரைப் படுக்க வைத்து மூடிய பந்தய வண்டிகள். பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் போகும் வண்டிக்கு அவற்றோடு உள்ள உறவு பெயர் மட்டுமே. மேலே சொன்ன காற்றின் கணக்குக்கு அவை நல்ல சான்று: உடலின் வடிவத்தை மாற்றி, இன்ஜினிலிருந்து கூடுதல் திறனைப் பிழிந்ததால்தான் அந்த வேகம் கிடைத்தது. இக்காலத்தில் பெரிய ஸ்கூட்டர்களும் உண்டு. 2021-இல் இந்தியாவுக்கு வந்த பிஎம்டபிள்யூ சி 400 ஜிடி 139 கி.மீ. போகக்கூடியது, அதன் இன்ஜின் 350 சிசி.

ரோலர் மாற்றினால், சைலன்சர் மாற்றினால் வேகம் கூடும் என்கிறார்களே?

எடை குறைந்த ரோலர் போட்டால் கிளம்பும் வேகம் கூடும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். உச்ச வேகம் பெரும்பாலும் அப்படியே இருக்கும் அல்லது குறையும். சைலன்சரை மாற்றினால் கூடுவது சத்தம். அந்தச் சத்தத்தையே வேகம் என்று காது ஏமாந்துவிடுகிறது. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் வம்பு வரும். இந்த வேலைகளை என் பட்டறையில் செய்வதில்லை. கேட்டு வரும் பிள்ளைகள் முகம் வாடிப் போவது எனக்கும் வருத்தம்தான், ஆனாலும் செய்ய மாட்டேன்.

சட்டப்படி எவ்வளவு வேகம் போகலாம்?

மத்திய அரசு 2018 ஏப்ரலில் அறிவித்த வரம்பின்படி, நடுவில் பிரிப்புள்ள நான்கு வழிச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு 80. நகராட்சி எல்லைக்குள்ளும் மற்றச் சாலைகளிலும் 60. இவை மேல்வரம்புகள். மாநில அரசும் உள்ளூர் அதிகாரிகளும் இவற்றைவிடக் குறைத்து அறிவிக்கலாம் என்பதால், பள்ளி, மருத்துவமனை, கோயில் அருகே வைத்திருக்கும் பலகையில் உள்ள எண்ணே செல்லும்.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு விரட்டிப் போனால் எவ்வளவு நேரம் மிச்சம்?

தூரம் ஏறக்குறைய 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வழி முழுவதும் 50-இல் போக முடிந்தால் 24 நிமிடம், 70-இல் போக முடிந்தால் 17 நிமிடம். ஏழு நிமிட மிச்சம். ஆனால் வழி முழுவதும் 70 என்பது ஏட்டுக்கணக்கு. பேருந்து நிறுத்தமும் கடைவீதியும் மாடும் குறுக்கிடும் சாலையில் அந்த ஏழு, மூன்றாகவோ நான்காகவோ சுருங்கிவிடும்.

எங்கள் ஊர்த் தெருக்கள் நேராகவும் அகலமாகவும் இருக்கின்றன. அங்கே 50-இல் போவதில் என்ன தவறு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கொத்தமங்கலம் போன்ற ஊர்களில் தெருக்கள் நூல் பிடித்தாற்போல இருக்கும். நகரத்தார் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீண்டு கிடப்பவை. ஆகவே இரு தெருக்களை இணைக்கும் குறுக்குச் சந்தில் நடந்தால், இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் மதில்தான். அந்தச் சந்து தெருவில் சேரும் முனையில், சுவரின் விளிம்பைத் தாண்டும்வரை எதிரே வருவது எதுவும் தெரியாது. தெருவில் வருபவருக்கும் சந்திலிருந்து வருபவர் தெரியமாட்டார். பல வீடுகள் பூட்டிக் கிடப்பதால் தெரு வெறிச்சோடியிருக்கும். அந்த வெறுமையே ஓட்டுபவரை முறுக்கச் சொல்கிறது. அதே வெறுமையை நம்பித்தான் சந்திலிருந்து சைக்கிளில் ஒரு சிறுவனும் வருகிறான்.

இப்போது நிற்கும் தூரத்தைப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு நொடி ஆகும் என்றும், உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் என்றும் கொண்டால், 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நிற்க 15 மீட்டர் ஆகும். 40-இல் 23 மீட்டர், 50-இல் 33 மீட்டர், 60-இல் 45 மீட்டர், 80-இல் 70 மீட்டருக்கும் மேல். 50-இல் வருபவர், அந்த முதல் நொடியில் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே ஏறத்தாழ 14 மீட்டர் கடந்திருப்பார். 30-இல் வந்திருந்தால் அதே இடத்தில் வண்டி கிட்டத்தட்ட நின்றேவிட்டிருக்கும். சந்து முனையில் சிறுவன் தென்படும் தூரம் பல இடங்களில் 15 மீட்டர்கூட இல்லை.

தெருவில் காற்று அடித்துக்கொண்டு வந்து சேர்த்த செம்மண்ணும் சரளையும் ஓரத்தில் படிந்திருந்தால், இந்தத் தூரங்கள் இன்னும் நீளும். அதன்மேல் முன்பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் வழுக்கி வண்டி சாய்ந்துவிடும். ஆகவே இந்தத் தெருக்களில் என் அளவு 30. என் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லியிருக்கிறேன்.

பிரேக்கை எப்படிப் பிடிப்பது சரி?

2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையுள்ள புதிய வண்டிகளில் இணைப்புப் பிரேக் கட்டாயம். இடது கைப்பிடியைப் பிடித்தால் இரண்டு சக்கரங்களிலும் பிரேக் விழும். ஆனால் அது முன்சக்கரத்துக்குத் தருவது ஒரு பங்கு மட்டுமே. வண்டி வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தின்மேல் சாய்வதால் நிறுத்தும் வலு பெரும்பாலும் முன்பக்கம்தான் இருக்கிறது. எனவே இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து, படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும். முன்பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்னும் அச்சத்தில் அதைத் தொடாமலே ஓட்டும் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய முன்பிரேக் ஷூ புத்தம் புதிதாகவே இருக்கும், பின்பிரேக் ஷூ தேய்ந்து இரும்பு தெரியும்.

நெடுஞ்சாலையில் 70-க்கு மேல் போனால் கைப்பிடி நடுங்குகிறது. இது இயல்பா?

இயல்பில்லை. டயரில் காற்று, டயரின் தேய்மானம், கைப்பிடித் தண்டைத் தாங்கும் கோன்செட் என்னும் பேரிங்கின் தளர்வு, சக்கரக் கோணல் ஆகியவற்றை இந்த வரிசையில் பார்க்க வேண்டும். பின்பக்கம் அதிகச் சுமை ஏற்றினாலும் முன்சக்கரம் இலேசாகி ஆடும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், சிறிய சக்கரத்துக்கு என்று ஓர் எல்லை உண்டு. ஆக்டிவாவின் 10 அங்குலப் பின்சக்கரம் 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 16 முறை சுற்றுகிறது. பெரிய சக்கரம் தாண்டிப் போய்விடும் பள்ளத்தில் சிறிய சக்கரம் இறங்கிவிடும். திருச்சி சாலையில் பைக்கோடு சேர்ந்து அதே வேகத்தில் போகும் ஸ்கூட்டருக்கு, ஒரே பள்ளம் இரண்டு மடங்கு ஆழமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு ஓட்டுங்கள்.

இரவில் எவ்வளவு வேகம் போகலாம்?

விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம். தாழ்ந்த ஒளியில் முப்பது, நாற்பது மீட்டர்தான் தெளிவாகத் தெரியும் என்றால், மேலே சொன்ன கணக்கின்படி 50-க்குக் கீழேதான் இருக்க வேண்டும். சாலையோரச் சீமைக் கருவேலப் புதரிலிருந்து மாடோ, விடிகாலையில் மயிலோ குறுக்கே வருவது இங்கு அன்றாடம். தைப்பூசத்துக்கு முன் வரும் நாட்களில் குன்றக்குடி வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் வெயிலுக்கு அஞ்சி இருட்டோடு நடப்பார்கள். அந்த நாட்களில் அந்தச் சாலையில் 40-ஐத் தாண்டாதீர்கள்.

பேரனுக்குப் பதினாறு வயது. மெதுவாகத்தான் ஓட்டுவான். வண்டி கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம், ஆச்சி. பதினாறு வயதில் உரிமம் பெற்று ஓட்ட அனுமதி 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டுமே. இன்று கடையில் கிடைக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அதைவிடப் பெரியவை. பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர் குற்றம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பொறுப்பாளருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. "மெதுவாக" என்று அவன் சொல்வது உங்கள் தெருமுனை வரைக்கும்தான்.

மைலேஜ் அதிகம் கிடைக்கும் வேகம் எது?

சீராக 40 முதல் 50 வரை.

என் வண்டி எவ்வளவு போகும் என்பதைவிட, எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எப்படிச் சோதிப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தேவகோட்டைப் பள்ளி ஆசிரியை ஒருவர். எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த கேள்வி.

விடிகாலையில், ஆளில்லாத நேரான தார்ச்சாலையையோ தளமிட்ட திடலையோ தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட்டை வார் மாட்டி அணியுங்கள். துணைக்கு ஒருவர் சாலையோரம் நிற்கட்டும். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். முதலில் 20-இல் வந்து, முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நில்லுங்கள். பழகியபின் 30, பிறகு 40. அதற்குமேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் கோட்டிலிருந்து வண்டி நின்ற இடம்வரை இயல்பாக நடக்கும் காலடியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஆசிரியையின் வண்டி முதல் முறை 40-இல் நிற்க 26 காலடி ஆனது. பின்பிரேக்கை இறுக்கி, முன்பிரேக் கேபிளை மாற்றி, டயருக்குச் சரியான காற்று அடித்தபின், அடுத்த வாரம் அதே கோட்டில் அளந்தோம். 17 காலடியில் நின்றது.